இரசாயனப் பொறியியலில் டாக்டர் பட்டம்: பெறும் வழியும் நிபந்தனைகளும்

‘டாக்டர்’ என்ற சொல்லைக் கேட்டவுடன், நாடி பார்த்து மருந்து கொடுப்பவரே நம் கிராம மக்களின் நினைவுக்கு வருவது இயல்பு. ஆனால் மருத்துவம் பயிலாத சிலரும் தம் பெயருக்கு முன் அச்சொல்லை இட்டுக்கொள்வதை நாம் காண்கிறோம். அவர்கள் ஏதேனும் ஒரு துறையில் ஆராய்ச்சி செய்து, பல்கலைக் கழகத்தில் பிஎச்.டி. என்னும் முனைவர் பட்டம் பெற்றவர்கள்.

இந்நாளில் கிராமங்களிலிருந்து இளைஞரும் இளம் பெண்களும் பொறியியற் கல்லூரிகளுக்குச் செல்கின்றனர். அவர்களுள் சிலர், பட்டம் பெற்ற பிறகு வேலைக்குப் போகாமல் மேலும் சில ஆண்டுகள் ஆராய்ச்சி செய்ய விரும்புவதாகச் சொல்லும்போது வீட்டார் திகைத்துப் போகின்றனர். ‘இன்னும் எத்தனை ஆண்டுகள் படிப்பு? யார் பணம் கட்டுவது? முடிவில் என்ன கிடைக்கும்?’ என்ற கேள்விகள் கிராம சபைக் கூட்டங்கள் முடிந்த பின் நம்மிடம் பலமுறை கேட்கப்பட்டவையே. தக்க விடை தெரியாமையால் நல்ல மாணவர்கள் பாதி வழியில் நிறுத்தப்படுவதுண்டு. அதே காரணத்தால் போலிப் பட்டத்துக்குப் பணம் கொடுத்து ஏமாறுவோரும் உண்டு. இவ்விரு தீங்குகளையும் தவிர்க்கும் பொருட்டு, இரசாயனப் பொறியியல் என்னும் ஒரு துறையை மட்டும் எடுத்துக்கொண்டு, அதில் டாக்டர் பட்டம் பெறும் முறையை இங்கு விளக்க முற்படுகிறோம்.

இரசாயனப் பொறியியல் என்பது யாது?

சோதனைச்சாலையில் சிறு குடுவையில் நிகழும் மாற்றத்தைத் தொழிற்சாலையில் பெரிய அளவில், பாதுகாப்பாகவும் குறைந்த செலவிலும் நிகழச் செய்யும் கலையே இரசாயனப் பொறியியலாகும். சிறிதாகச் செய்ததைப் பெரிதாகச் செய்வதில் என்ன கடினம் என்று சிலர் எண்ணக்கூடும். நால்வருக்குச் சோறு வடிக்கும் கைப்பக்குவம் கலியாண வீட்டு அண்டாவுக்குப் போதாது என்பதை நம் தாய்மார்கள் அறிவார்கள். ஒரு பாத்திரத்தின் நீள அகல உயரங்கள் ஒவ்வொன்றையும் பத்து மடங்காக்கினால், அதன் மேற்பரப்பு 100 மடங்காகும். ஆனால் அது கொள்ளும் பொருளோ 1,000 மடங்காகிவிடும். ஆயிரம் மடங்கு பொருளில் தோன்றும் வெப்பம் நூறு மடங்கு பரப்பின் வழியாகத்தான் வெளியேற வேண்டும். வழி தேடாவிடில் பொருள் கருகும். சில வேளைகளில் கலமே வெடித்துச் சிதறும்.

நாம் வயலுக்கு இடும் யூரியாவே இதற்கு நல்ல சான்று. யூரியாவுக்கு மூலப்பொருள் அம்மோனியா. காற்றிலுள்ள நைட்ரஜனை ஹைட்ரஜனுடன் சேர்த்து அம்மோனியா ஆக்கும் வழியை ஜெர்மானிய விஞ்ஞானி ஃபிரிட்ஸ் ஹேபர் 1909இல் செய்து காட்டினார். அப்போது அது சொட்டுச் சொட்டாகவே கிடைத்தது. மிகுந்த அழுத்தத்தையும் வெப்பத்தையும் தாங்கும் பெரிய கலங்களைக் கார்ல் போஷ் என்பவரும் அவர்தம் குழுவினரும் அமைத்து, 1913இல் ஒப்பாவு என்னுமிடத்தில் தொழிற்சாலையை இயக்கினர். ஹேபர் கண்டது இரசாயனம். போஷ் செய்தது இரசாயனப் பொறியியல். இரண்டும் சேர்ந்த பின்னரே உரம் உழவனின் கைக்கு எட்டியது.

பட்டத்தின் உட்பொருள்

டாக்டர் பட்டத்துக்கும் அதற்கு முந்திய பட்டங்களுக்கும் அடிப்படையான வேறுபாடு ஒன்று உண்டு. முந்திய பட்டங்கள், பிறர் கண்டறிந்தவற்றை ஒருவர் கற்றுத் தேர்ந்தார் என்பதற்குச் சான்று. டாக்டர் பட்டமோ, இதுவரை எவரும் அறியாத ஓர் உண்மையை, சிறிதாயினும், அவர் தாமே கண்டறிந்தார் என்பதற்கும், அதனை மற்ற நிபுணர்கள் சோதித்து ஏற்றுக்கொண்டனர் என்பதற்கும் சான்று. இனிக் கூறப்போகும் நிபந்தனைகள் அனைத்தும் இந்த ஒன்றைக் காப்பதற்காக ஏற்பட்டவையே.

சேர்வதற்கு முந்திய படிகள்

மேல்நிலைப் பள்ளியில் கணிதம், இயற்பியல், வேதியியல் ஆகிய மூன்றையும் பயில்வது முதற்படி. அடுத்தது நான்காண்டு பி.டெக். படிப்பு. தமிழ்நாட்டில் அரசுப் பள்ளிகளில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை பயின்றவர்களுக்குப் பொறியியல் முதலிய தொழிற்படிப்புகளில் 7.5 விழுக்காடு இடங்கள் 2021ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒதுக்கப்பட்டுள்ளன. ஏழை விவசாயிகளின் குழந்தைகள் இந்த வாய்ப்பை நழுவவிடலாகாது.

சென்னையில் 1944இல் தொடங்கப்பெற்று இன்று அண்ணா பல்கலைக் கழகத்தைச் சேர்ந்திருக்கும் அழகப்பச் செட்டியார் தொழில்நுட்பக் கல்லூரி, 1959இல் நிறுவப்பெற்ற சென்னை ஐ.ஐ.டி., திருச்சிராப்பள்ளி என்.ஐ.டி., அண்ணாமலைப் பல்கலைக் கழகம் முதலியவற்றில் இத்துறை உண்டு. 1948இல் தோன்றிய இரு மத்திய ஆராய்ச்சி நிலையங்களும், அதாவது சென்னை அடையாற்றில் தோல் ஆராய்ச்சிக்கும் காரைக்குடியில் மின்வேதியியல் ஆராய்ச்சிக்கும் உள்ளவை, ஆராய்ச்சி மாணவர்களை ஏற்கின்றன.

பி.டெக். இறுதி ஆண்டில் ‘கேட்’ என்னும் அகில இந்தியத் தேர்வை எழுதுவது நலம். மூன்று மணி நேரம், 100 மதிப்பெண்கள் கொண்ட இத்தேர்வில் இரசாயனப் பொறியியலுக்கெனத் தனித்தாள் உண்டு. இதில் பெறும் மதிப்பு மூன்றாண்டுகளுக்குச் செல்லும். இதன் துணையால் இரண்டாண்டு எம்.டெக். படிப்பில் உதவித்தொகையுடன் சேரலாம். சிறந்த தேர்ச்சி பெற்றவர்கள் சில நிலையங்களில் எம்.டெக். பயிலாமலே நேராக ஆராய்ச்சியில் சேரவும் இடமுண்டு.

யார் சேரலாம்?

பல்கலைக் கழக மானியக் குழு 2022 நவம்பரில் வெளியிட்ட விதிகள், டாக்டர் பட்டத்துக்குரிய குறைந்த அளவு நிபந்தனைகளை வகுத்துள்ளன. ஐ.ஐ.டி. போன்ற தேசிய நிலையங்கள் தமக்கெனத் தனி விதிகள் வைத்திருப்பினும், போகும் பாதை பெரும்பாலும் ஒன்றே.

அவ்விதிகளின்படி, எம்.டெக். போன்ற முதுநிலைப் பட்டத்தில் 55 விழுக்காடு மதிப்பெண் பெற்றவர் சேரத் தகுதியுடையவர். நான்காண்டு இளநிலைப் பட்டத்துடன் நேராகச் சேர விரும்புவோர் 75 விழுக்காடு பெற்றிருத்தல் வேண்டும். தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், வசதி படைத்த பிரிவில் சேராத பிற்படுத்தப்பட்டோர், மாற்றுத் திறனாளிகள் முதலியோருக்கு 5 விழுக்காடு சலுகை அளிக்கலாம். பல்கலைக் கழகம் தானே நுழைவுத் தேர்வு நடத்துமாயின், அதில் பாதி ஆராய்ச்சி முறைகளைப் பற்றியும் மறுபாதி பாடத்தைப் பற்றியும் அமையும். எழுத்துத் தேர்வுக்கு 70, நேர்முகத் தேர்வுக்கு 30 என்ற விகிதத்தில் மதிப்பெண்கள் கணக்கிடப்படும். வேலையில் இருப்போரும், தம் நிறுவனத்தின் தடையின்மைச் சான்றுடன், பகுதி நேர மாணவராகச் சேர வழியுண்டு.

சேர்ந்த பின் நிகழ்வது

இதனை ஓர் உதாரணத்தால் விளக்குவது எளிது. நொய்யல் ஆற்றின் நிலை நம் விவசாயிகள் அறியாததன்று. திருப்பூர்ச் சாயப் பட்டறைகளின் உப்புக் கழிவு ஆற்றில் கலந்து, 1992இல் நிறைவுற்ற ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, சுற்றுப்புறத்துக் கிணறுகளையும் வயல்களையும் கெடுத்தது. கழிவைச் சொட்டும் வெளியேற்றாத பட்டறைகள் மட்டுமே இயங்கலாம் எனக் கூறி, 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் மற்றவற்றை மூடும்படி ஆணையிட்டது. அதன்பின் கழிவுநீரைச் சவ்வுகளின் வழியே வடிகட்டி, எஞ்சிய உவர்நீரை ஆவியாக்கி, உப்பைப் பிரித்தெடுக்கும் முறை அங்கு வேரூன்றியது.

இதில் உள்ள இடர்ப்பாடு எரிபொருட் செலவு. 30 பாகை வெப்பமுள்ள ஒரு லிட்டர் நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர 70 கிலோகலோரி வெப்பம் போதும்; கொதிக்கும் அந்நீர் முழுவதையும் ஆவியாக்கவோ ஏறத்தாழ 540 கிலோகலோரி வேண்டும். இதனாலேயே ஒரு கலத்தில் எழும் ஆவியைக் கொண்டு அடுத்த கலத்து நீரைக் கொதிக்கவைக்கும் தொடர்க் கலங்களைப் பயன்படுத்துகின்றனர். அக்கலங்களின் குழாய்களில், நம் வீட்டு வெந்நீர் அண்டாவில் படிவது போன்ற வெள்ளைப் படிவு கட்டிக்கொண்டால், வெப்பம் ஊடுருவாது. செலவு மேலும் ஏறும்.

மாணவி ஒருத்தி இத்துறையில் ஆராய்ச்சி செய்ய விரும்புகிறாள் என்று கொள்வோம். ‘நொய்யலைத் தூய்மையாக்குவேன்’ என்று அவள் தலைப்பிட்டால் எந்தப் பேராசிரியரும் ஏற்கமாட்டார். அது அரசும் மக்களும் பல்லாண்டு சேர்ந்து செய்ய வேண்டிய பணி. ‘இவ்வகை உவர்நீரில், இன்ன வெப்பத்தில், இன்ன வேகத்தில் நீர் ஓடும்போது குழாயில் படிவு எவ்வளவு விரைவில் கட்டுகிறது? வேகத்தை மாற்றினால் அது குறையுமா?’ என்பது ஒருவர் சில ஆண்டுகளில் விடை காணக்கூடிய கேள்வி. கேள்வியை இவ்வாறு சுருக்கத் தெரிவதே ஆராய்ச்சியின் முதற்பாடம்.

முதலில் அவளுக்கு வழிகாட்டும் பேராசிரியர் ஒருவர் நியமிக்கப்படுவார். அவர் ஒருவர் சொல்லே முடிவாகிவிடாதபடி ஆராய்ச்சி ஆலோசனைக் குழு ஒன்றும் அமைக்கப்படும். ஒவ்வோர் அரையாண்டிலும் மாணவி இக்குழுவின்முன் தோன்றித் தன் வேலையின் முன்னேற்றத்தை எடுத்துரைக்க வேண்டும். தொடக்கத்தில் குறைந்தது 12 மதிப்பலகு கொண்ட பாடங்களைப் பயின்று 55 விழுக்காடு பெறுதல் வேண்டும். திரவங்களின் ஓட்டம், வெப்பப் பரிமாற்றம், பொருட் பரிமாற்றம், வினைகளின் வேகம் ஆகியவற்றின் உயர்நிலைப் பாடங்களுடன், ஆராய்ச்சி நேர்மை பற்றிய பாடமும் இதில் அடங்கும். பல நிலையங்களில் இதன்பின் முழுநிலைத் தேர்வு ஒன்று நடைபெறும். துறையின் எப்பகுதியிலிருந்தும் அதில் கேள்வி எழலாம். அதில் தேறாதவர் ஆராய்ச்சியைத் தொடர இயலாது.

அதன்பின் உண்மையான வேலை தொடங்கும். உலகில் இதைப் பற்றி முன்னர் எழுதியவற்றையெல்லாம் அவள் படித்தறிய வேண்டும். ஏனெனில் ஏற்கனவே கண்டறிந்ததை மீண்டும் கண்டறிந்தால் பட்டமில்லை. பிறகு சிறு கருவி ஒன்றை அமைத்து உவர்நீரை ஓடவிட்டு அளக்க வேண்டும். பஞ்சாயத்தின் வரவு செலவுக் கணக்கு ஒரு ரூபாய் பிசகினாலும் தணிக்கையாளர் விடுவதில்லையன்றோ? அதுபோலவே, கலத்துக்குள் சென்ற நீரும் உப்பும் வெப்பமும், வெளிவந்தவற்றோடும் உள்ளே தங்கியவற்றோடும் ஒத்துவர வேண்டும். ஒவ்வாவிடில் எங்கோ கசிவு, அல்லது அளவிலே பிழை. ஒரே சோதனையைப் பலமுறை செய்து ஒரே விடை வந்தால்தான் அதனை ஏற்கலாம். எதிர்பார்த்த விடை வரவில்லையெனில், வந்த விடையையே எழுத வேண்டும். மாதக் கணக்கில் உழைத்தும் கையில் ஒன்றும் கிட்டாத காலம் ஏறத்தாழ எல்லா மாணவர்க்கும் வருவது. விதைத்த உடனே மகசூல் கேட்பவர் எவருமில்லை. ஆராய்ச்சி மாணவரின் வீட்டாரும் அப்பொறுமையைக் காட்ட வேண்டும்.

ஆண்டுகளின் கணக்கு

பாடங்களையும் சேர்த்துக் குறைந்தது மூன்று ஆண்டுகள், மிகுதியாக ஆறு ஆண்டுகள் என்பது விதி. மறுபதிவின் மூலம் மேலும் இரண்டு ஆண்டுகள் வரை நீட்டிக்கலாம். பெண்களுக்கும், 40 விழுக்காட்டிற்கு மேல் குறைபாடுள்ள மாற்றுத் திறனாளிகளுக்கும் அதற்கும் மேல் இரண்டு ஆண்டுகள் அளிக்கப்படலாம். பெண்களுக்கு மகப்பேறு மற்றும் குழந்தைப் பராமரிப்பு விடுப்பாக மொத்தம் 240 நாட்கள் வரை வழங்கவும் இடமுண்டு. ‘கலியாணம் ஆகிவிட்டால் ஆராய்ச்சி வீணாகிவிடும்’ என்று அஞ்சிப் பெண்ணை நிறுத்திவிடும் பெற்றோர் இந்த விதியைக் கருத்தில் கொள்ள வேண்டுகிறோம். இடைநிறுத்தம் வேறு, முடிவு வேறு.

ஆய்வேடும் அதன் தேர்வும்

வேலை முடிந்தபின் மாணவி ஆலோசனைக் குழுவின்முன், மற்ற ஆசிரியர்களும் மாணவர்களும் கேட்கும்படி, தன் முடிவுகளை எடுத்துரைப்பாள். அங்கு எழும் குறைகளைத் திருத்தி ஆய்வேட்டை எழுதி அளிக்க வேண்டும். அது பிறர் எழுத்தைக் களவாடியதன்று என்னும் உறுதிமொழியும், வழிகாட்டியின் சான்றும் உடன் இணைதல் வேண்டும்.

பின்னர் அவ்வாய்வேடு, வழிகாட்டியைத் தவிர, அப்பல்கலைக் கழகத்தில் பணிபுரியாத நிபுணர் குறைந்தது இருவருக்கு அனுப்பப்படும். இயலுமாயின் அவருள் ஒருவர் வெளிநாட்டவராக இருப்பார். இருவரும் ஏற்றால் வாய்மொழித் தேர்வு நடைபெறும். ஒருவர் மறுத்தால் மூன்றாமவர் ஒருவருக்கு ஆய்வேடு அனுப்பப்படும். அவரும் மறுத்தால் பட்டம் கிட்டாது. வாய்மொழித் தேர்வு மறைவில் நடப்பதன்று. ஆசிரியரும் மாணவரும் வந்து கேட்கலாம். ஆய்வேடு அளித்த நாளிலிருந்து ஆறு மாதங்களுக்குள் இவையனைத்தையும் முடிக்க வேண்டுமென்பது விதி. பத்திரிகைகளில் கட்டுரை வெளியிட்டிருக்க வேண்டுமென்ற பழைய கட்டாயம் 2022ஆம் ஆண்டு விதிகளில் இல்லை. எனினும் பல நிலையங்கள் தம் அளவில் அதனை வற்புறுத்துகின்றன.

செலவும் பயனும்

பெற்றோர் பெரிதும் அஞ்சுவது செலவைக் குறித்தே. இங்கு ஒரு நற்செய்தி உண்டு. முழுநேர ஆராய்ச்சி மாணவர் பலருக்கு மாதந்தோறும் உபகாரச் சம்பளம் கிடைக்கிறது. மத்திய அரசின் இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை 2023 ஜனவரி முதல் மாதம் ரூ. 37,000 எனவும், முதல் இரண்டாண்டுகளுக்குப் பின் முதுநிலை உதவித்தொகை ரூ. 42,000 எனவும் உயர்த்தப்பட்டன. ஆனால் எல்லா இடங்களுக்கும் உதவித்தொகை உண்டு என்று எண்ணிவிடலாகாது. சேரும் இடம் உதவித்தொகையுடன் கூடியதா, எத்தனை ஆண்டுகளுக்கு, என்பதை எழுத்து மூலம் அறிந்த பின்னரே சேர வேண்டும். பணம் சில மாதங்கள் தாமதித்து வருவதும் உண்டாதலால், சிறு கையிருப்பு வேண்டும்.

பயனைப் பற்றி மிகைப்படுத்திக் கூற நாம் விரும்பவில்லை. தொழிற்சாலையை இயக்கும் வேலைக்கு டாக்டர் பட்டம் தேவையில்லை, பி.டெக். போதும். ஆராய்ச்சி நிலையங்களில் விஞ்ஞானியாகவும், தொழிற்சாலைகளின் ஆராய்ச்சிப் பிரிவுகளிலும் பணிபுரிய விரும்புவோர்க்கே இப்பட்டம் பெரிதும் பயன்படும். பொறியியற் கல்லூரிகளில் இணைப் பேராசிரியர், பேராசிரியர் பதவிகளுக்கு இது இன்றியமையாதது. ஆராய்ச்சியில் உள்ளார்ந்த விருப்பமில்லாதவரை ‘பெயருக்கு முன் ஓர் எழுத்து வேண்டும்’ என்று தூண்டுவது அவருக்குச் செய்யும் நன்மையாகாது.

ஓர் எச்சரிக்கை

‘ஒரே ஆண்டில் டாக்டர் பட்டம்’, ‘வீட்டிலிருந்தே டாக்டர் பட்டம்’ என்னும் விளம்பரங்கள் நம் ஊர்களையும் எட்டியுள்ளன. மேலே கூறியவற்றைப் படித்தவர்களுக்கு இவை எவ்வளவு பொருந்தாதவை என்பது விளங்கும். அஞ்சல் வழியாகவோ இணைய வழியாகவோ முனைவர் பட்டப் படிப்பை நடத்த விதிகள் இடமளிக்கவில்லை. ஆய்வேட்டைப் பணத்துக்கு எழுதித் தருவதாகக் கூறுவோரையும் நம்பலாகாது. பின்னாளில் கண்டுபிடிக்கப்பட்டால் பட்டமும் போகும், வேலையும் போகும். ஒரு நிலையத்தைப் பற்றி ஐயம் எழுந்தால், மானியக் குழு வெளியிடும் பல்கலைக் கழகங்களின் பட்டியலிலும் போலிகளின் பட்டியலிலும் பார்த்துத் தெளிவடையலாம். பொதுத் தொண்டுக்காகப் பல்கலைக் கழகங்கள் அளிக்கும் கௌரவ டாக்டர் பட்டம் வேறு. அது ஆராய்ச்சிக்குச் சான்றாகாது.

பஞ்சாயத்துகள் செய்யத்தக்கவை

பஞ்சாயத்து உறுப்பினர்கள் இவ்விஷயத்தில் செய்யக்கூடியவை சில உண்டு. ஊர்ப் பள்ளியில் கணிதமும் விஞ்ஞானமும் பயிற்றும் ஆசிரியர் இடம் காலியாகக் கிடந்தால் உரிய அதிகாரிகளுக்கு உடனே தெரிவிக்கலாம். கிராமத்திலிருந்து பொறியியல் பயிலச் சென்றவர்களை விடுமுறையில் அழைத்துப் பள்ளி மாணவர்களிடையே பேசச் செய்யலாம். வருமானச் சான்று, சாதிச் சான்று ஆகியவற்றை விண்ணப்பத்தின் இறுதி நாள் வரை தள்ளிப் போடாமல் முன்னதாகப் பெற்று வைக்கும்படி குடும்பங்களுக்கு நினைவூட்டலாம்.

மற்றொன்றும் உண்டு. ஆராய்ச்சி மாணவர்கள் கிணற்று நீரையோ மண்ணையோ சோதனைக்காகக் கேட்டு நம் ஊருக்கு வருவதுண்டு. அவர்களை ஐயத்துடன் நோக்காமல், அவர்கள் கொண்டுவரும் நிலையத்தின் கடிதத்தைப் பார்த்தறிந்து உதவ வேண்டும். கிணற்றின் ஆழம், நீர் கெடத் தொடங்கிய ஆண்டு, இட்ட உரத்தின் அளவு ஆகியவற்றை உள்ளது உள்ளபடி சொல்ல வேண்டும். நட்டஈடு கிடைக்குமென்று கூட்டியோ, வரி வருமென்று குறைத்தோ சொன்னால், அவர்களுடைய ஐந்தாண்டு உழைப்பும் பொய்க் கணக்கின் மீது எழுந்த கட்டடமாகிவிடும். அதைக் கொண்டு அமைக்கும் சுத்திகரிப்புச் சாலையும் நமக்கு உதவாது.

கரும்பாலை, தோல் பதனிடும் சாலை, சாயப் பட்டறை, உரத் தொழிற்சாலை ஆகியவை நம் கிராமங்களின் வாழ்வோடு பிணைந்தவை. அவற்றின் நன்மையும் நாமே பெறுகிறோம். கழிவும் நம் வாய்க்காலுக்கே வருகிறது. அக்கழிவின் இயல்பை ஆராயும் நிபுணர்களுள், அந்த வாய்க்கால் நீரில் வளர்ந்த பிள்ளைகளும் இருக்க வேண்டாமா? அத்தகைய மகனோ மகளோ நம் ஊரில் ஒருவர் இருப்பாராயின், கேள்விகளால் சோர்வடையச் செய்யாமல், விதிகளை அறிந்து துணை நிற்பது வீட்டாருக்கும் பஞ்சாயத்துக்கும் உரிய கடமையெனக் கருதுகிறோம்.